கால் சைன் என்னுடையது, பேசியது தம்பி மகன்: நோட்டீஸுக்கு என்ன பதில் எழுதுவது?

வாசகர் ஒருவரிடமிருந்து நான்கு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. பெயர், நாடு, கால் சைன் (ரேடியோவில் பேசுபவரை அடையாளம் காட்டும் குறி), தேதிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவர் அறிவியல் ஆசிரியை. ஆறு வருடமாக ஹாம் ரேடியோ (ஆர்வத்துக்காகப் பேசும் அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வைத்திருக்கிறார். வீட்டில் ஒரு எச்.எஃப். (சிற்றலை) செட்டும், கையில் வைத்துப் பேசும் ஹேண்டி இரண்டும் உண்டு. தம்பி மகனுக்கு 17 வயது. அத்தையைப் பார்த்து அவனுக்கும் ரேடியோ பைத்தியம் பிடித்துவிட்டது. தேர்வு எழுதிப் பாஸும் ஆகிவிட்டான், லைசென்ஸ் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. அதுவரை சும்மா இருப்பானேன் என்று, அத்தையின் கால் சைனைச் சொல்லி மாலை நேரங்களில் கிளப் ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கித் தூரத்துக்கு மறுபரப்பும் நிலையம்) பேசிப் பழகியிருக்கிறான். பாதி நாள் அத்தை வீட்டிலேயே இருக்க மாட்டார்.

போன மாதம் நண்பர்கள் நான்கு பேருடன் இரண்டு நாள் மலையேற்றம். ஹேண்டி இரண்டையும் கேட்டான், கொடுத்தார். மலைக்கு அந்தப் பக்கம் ரிப்பீட்டர் எட்டவில்லை. பையன்கள் ஸ்கேன் போட்டு, சத்தமே இல்லாத ஒரு அலைவரிசையைப் பிடித்து, இரண்டு நாளும் அதிலேயே பேசிக்கொண்டார்கள். அது 150 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே, ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட சேனல். வார இறுதி என்பதால் அமைதியாக இருந்திருக்கிறது. இரண்டாம் நாள் மதியம் ஒரு பையனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அதையும் அந்த சேனலிலேயே பேசி, அவனைத் தாங்கிக் கூட்டிவந்திருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்து, லைசென்ஸ் வழங்கிய ஆணையத்திடமிருந்து ஆசிரியை பெயருக்கு நோட்டீஸ். இன்ன தேதிகளில், இன்ன அலைவரிசையில், உங்கள் கால் சைனுடன் டிரான்ஸ்மிஷன் பதிவாகியிருக்கிறது, 15 நாளுக்குள் விளக்கம் தரவும்.

பையன் மாட்டிய விதம்தான் வேடிக்கை. அத்தை சொல்லிக்கொடுத்த ஒழுக்கம் மாறாமல், ஒவ்வொரு முறை பேச்சை முடிக்கும்போதும் கால் சைனை ஆல்பா, பிராவோ, சார்லி கணக்கில் எழுத்து எழுத்தாகச் சொல்லியிருக்கிறான். கேட்டவர்கள் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

ஆசிரியையின் கேள்விகள் இவை. பேசியது நான் இல்லையே, நான் எப்படிப் பொறுப்பு? 'ஹாம் ரேடியோ' என்று பெட்டியில் போட்டு விற்ற செட்டில் அந்த அலைவரிசை திறந்திருந்தால் விற்றவர் தவறுதானே? கால் பிசகியதைச் சொல்லி அவசரம் என்று எழுதலாமா? கிளப் நண்பர் ஒருவர், செட் தொலைந்துபோய்விட்டது என்று எழுதச் சொல்கிறார். இன்னொருவர், நீங்களும் மலைக்குப் போனதாக லாக் புத்தகத்தில் (எப்போது, எந்த அலைவரிசையில் பேசினோம் என்று குறித்துவைக்கும் புத்தகம்) சேர்க்கச் சொல்கிறார். எதைச் செய்யலாம்? கடைசியாக, எச்.எஃப். செட்டில் பேசும்போதெல்லாம் ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் ரொம்ப நாளாகச் சொல்கிறார். அதையும் இதோடு சேர்த்துவிடுவார்களா?

அன்புள்ள சகோதரிக்கு,

கிளப் நண்பர்கள் சொன்ன இரண்டையும் செய்யாதீர்கள். இதைப் படித்ததும் முதலில் அந்த லாக் புத்தகத்தை எடுத்து, இருக்கிறபடியே ஒரு உறையில் போட்டு வையுங்கள். ஹேண்டியின் மெமரியையும் ரீசெட் செய்யாதீர்கள். பேட்டரியைக் கழற்றிப் பூட்டி வைத்தால் போதும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கால் சைன் இரவல் போகாது

உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் 'என் செட்', 'என் செட்டுக்கான லைசென்ஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. லைசென்ஸ் செட்டுக்கும் இல்லை, வீட்டுக்கும் இல்லை. தகுதியைச் சோதித்துப் பார்த்து உங்களுக்குக் கொடுத்த அனுமதி அது. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகள் அமெச்சூர் என்பவரையே 'முறையாக அதிகாரம் பெற்றவர்' என்றுதான் வரையறுக்கின்றன. ரேடியோ நுட்பத்தில் ஆர்வம், தனிப்பட்ட நோக்கம், பண ஆதாயம் இல்லாமை ஆகியவை அந்த வரையறையின் மற்ற பகுதிகள். அந்த விதிகளின் 25ஆம் பிரிவு, லைசென்ஸ் கேட்பவரின் இயக்கத் திறனையும் தொழில்நுட்ப அறிவையும் அந்தந்த நாடு சரிபார்க்க வேண்டும் என்கிறது. கால் சைனைக் குறுகிய இடைவெளிகளில் சொல்ல வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. காற்றில் நீங்கள் போடும் கையெழுத்து அது. வேறொருவர் போட்டாலும் கணக்கு உங்கள் பெயரில்தான் ஏறும்.

'நான் பேசவில்லையே' என்ற வாதத்துக்கு எவ்வளவு எடை? ஒரு நாட்டின் விதியை உதாரணமாகக் காட்டுகிறேன். அமெரிக்காவின் அமெச்சூர் விதிகளில், நிலையத்தை இயக்குவது லைசென்ஸ்தாரர்தான் என்று ஆணையம் எடுத்துக்கொள்ளும். வேறொருவர் இயக்கினார் என்றால் அதற்கான பதிவு நிலையத்தின் ஆவணங்களில் இருக்க வேண்டும். அப்படி இன்னொரு லைசென்ஸ்தாரர் இயக்கினாலும் இருவருக்கும் சம பொறுப்பு. உங்கள் நாட்டு விதியின் வாசகம் வேறாக இருக்கலாம். உங்கள் லைசென்ஸோடு வந்த நிபந்தனைகள் தாளை எடுத்துப் பாருங்கள். சுவரில் மாட்டிய முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, பின்பக்கத்தை ஆறு வருடமாகப் புரட்டாதவர்கள் ஏராளம். (என்னுடையதை நான் முதன்முதலில் முழுக்கப் படித்ததே, இன்னொருவருக்கு நோட்டீஸ் வந்து அவர் என்னிடம் ஓடிவந்த நாளில்தான்.)

தேர்வில் பாஸ் ஆனது லைசென்ஸ் ஆகாது. எந்தத் தனிநபரும் அரசின் லைசென்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட் செய்யும் நிலையத்தை அமைக்கவோ இயக்கவோ கூடாது என்பது சர்வதேச விதியிலேயே இருக்கிறது. தாள் கைக்கு வரும்வரை தம்பி மகனும், ரேடியோவைத் தொட்டே பார்க்காத ஒருவரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். அவனுக்கு இது கசக்கும்.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, மைக்கை அவனிடம் கொடுத்துப் பேசச் சொல்வது வேறு கதை. லைசென்ஸ்தாரர் கூடவே இருந்து தொடர்ந்து கவனித்தால் மூன்றாம் நபர் பேசலாம் என்று அமெரிக்கா அனுமதிக்கிறது. எல்லா நாடும் இவ்வளவு தாராளம் இல்லை. உங்கள் நிபந்தனைகளில் 'மூன்றாம் நபர்' என்று வரும் இடத்தைத் தேடிப் படியுங்கள். ஆனால் லைசென்ஸ் இல்லாத ஒருவர், நீங்கள் வீட்டில் இல்லாதபோது உங்கள் கால் சைனில் தனியாகப் பேசலாம் என்று சொல்லும் விதியை நான் எங்கும் பார்த்ததில்லை.

இதைப் படித்துவிட்டுப் பயந்துபோக வேண்டாம். பொறுப்பு என்பதும் குற்றம் என்பதும் ஒன்றல்ல. லைசென்ஸ் சம்பந்தப்பட்ட நடவடிக்கையில் ஆணையம் பார்ப்பது, உங்கள் நிலையத்தை நீங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்தீர்களா என்பதை. குற்ற வழக்கு என்று போனால் யார் பேசினார், தெரிந்து செய்தாரா என்ற கேள்விகளும் பெரும்பாலும் எழும். விளக்கம் கேட்டு வந்த நோட்டீஸ் முதல் வகையைச் சேர்ந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து தெரிகிறது. அதில் தண்டனைப் பிரிவு ஏதாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் மட்டும், பதில் போடும் முன் உள்ளூர் வழக்கறிஞரிடம் கண்டிப்பாகக் காட்டிவிடுங்கள்.

செட் திறந்திருந்தது என்பது அனுமதி ஆகாது

இன்று கிடைக்கும் மலிவான ஹேண்டிகள் பல, 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வைத்தாலும் டிரான்ஸ்மிட் செய்யும். அதில் அமெச்சூர்களுக்கு உரியது உலகின் ஒரு பகுதியில் 144 முதல் 146 வரை, மற்ற இடங்களில் அதிகபட்சம் 148 வரை. அதற்கு வெளியே மற்றவர்களின் வீடு இருக்கிறது. கப்பல்களின் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். உங்கள் பையன்கள் வைத்த இடத்திலிருந்து அது ரொம்பத் தூரமில்லை. விரல் இன்னும் கொஞ்சம் திருகியிருந்தால் நோட்டீஸின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

அப்படித் திறந்த செட்டை விற்றவர் மீது தவறு இருக்கலாம். சான்றிதழ் இல்லாத கருவியை விற்பது பல நாடுகளில் தனிக் குற்றம். ஆனால் அது அவர் கணக்கு. அதைக் காட்டி உங்கள் கணக்கை நேர் செய்ய முடியாது. எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தியில் பேசலாம் என்று தெரிந்துவைத்திருப்பீர்கள் என்பதற்காகத்தானே தேர்வு வைத்தார்கள்? 'செட் விட்டது, நான் பேசினேன்' என்று லைசென்ஸ் உள்ளவர் எழுதினால் எனக்கே சிரிப்பு வரும். ஐந்து வாட்தானே என்ற சமாதானமும் அப்படித்தான். மலை உச்சியிலிருந்து ஐந்து வாட் போகும் தூரம், நோட்டீஸே சாட்சி.

கணுக்கால் விஷயம்

இங்கே உங்களுக்குச் சட்டத்தில் ஒரு சின்ன ஆதரவு உண்மையிலேயே இருக்கிறது. ஆபத்தில் இருக்கும் நிலையம் கவனத்தை ஈர்க்கவும், இருக்குமிடத்தைச் சொல்லவும், உதவி பெறவும் தன்னிடம் உள்ள எந்த வழியையும் பயன்படுத்துவதை வானொலி விதிகளில் எதுவும் தடுக்காது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது.

ஆனால் அந்த ஆதரவு எவ்வளவு தூரம் நீளும்? கால் பிசகியது இரண்டாம் நாள் மதியம். அதற்கு முன் ஒன்றரை நாள் பேசியது யார் முன்னால் போகிறார், யாரிடம் தண்ணீர் இருக்கிறது என்பதெல்லாம். அதற்குப் பிறகு பேசியதும் தங்களுக்குள்தான். வெளியே யாரையும் உதவிக்கு அழைக்கவில்லை. கீழே இறங்கும் பாதையில் செல்போன் சிக்னல் இருந்ததாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதை ஆபத்து அழைப்பு என்று காட்டப் போனால், மற்ற உண்மைகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். நடந்ததை ஒரே வரியில், நேரத்தோடு குறிப்பிடுங்கள். தலைப்பில் 'அவசரம்' என்று போடாதீர்கள்.

தொலைந்தது, கூட இருந்தேன் என்ற இரண்டு பொய்கள்

செட் தொலைந்தது என்றால் எப்போது தொலைந்தது, புகார் கொடுத்தீர்களா, அந்த ரசீது எங்கே என்பதுதான் அடுத்த கடிதம். கூட இருந்தேன் என்றால், அந்தச் சனிக்கிழமை நீங்கள் பள்ளியில் தேர்வு மேற்பார்வையில் இருந்ததாக உங்கள் கடிதத்திலேயே இருக்கிறதே! பள்ளி வருகைப் பதிவேடு ஒன்று போதும். கண்காணிப்பு நிலையத்தில் குரலைப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். 17 வயதுப் பையனின் குரலை உங்கள் குரல் என்று யாரும் நம்பப் போவதில்லை.

இப்போது உங்கள் மீது இருப்பது, லைசென்ஸ் இல்லாதவரிடம் செட்டைக் கொடுத்தது என்ற கவனக்குறைவு. லாக் புத்தகத்தில் ஒரு வரி கூட்டி எழுதினால் அது போலி ஆவணம் ஆகிவிடும். அதிகாரியிடம் பொய் விளக்கம் கொடுப்பதற்கும் ஆவணத்தைத் திருத்துவதற்கும் தனித் தண்டனை இல்லாத நாட்டை நான் பார்த்ததில்லை. மெமரியை அழிக்க வேண்டாம் என்றதும் இதற்காகத்தான். உங்கள் ஹேண்டியில் இருக்கும் அந்த ஒரே ஒரு வெளி அலைவரிசை, வேறு எங்கும் விளையாடவில்லை என்று உங்களுக்குச் சாதகமாகவே பேசலாம்.

பதிலில் என்ன எழுதலாம்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நோட்டீஸ் எண், தேதி போட்டு, கேட்டதற்கு மட்டும் பதில். நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"நோட்டீஸில் குறிப்பிட்ட இரண்டு நாட்களிலும் என்னுடைய ஹேண்டி இரண்டும் என் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரிடம் இருந்தன. நான் அவருடன் இல்லை. அவருக்கு அப்போது லைசென்ஸ் வந்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். என் மேற்பார்வை இல்லாமல் கருவிகளைக் கொடுத்திருக்கக் கூடாது. இந்த நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து அவை என் பூட்டில் இருக்கின்றன. பரிசோதிக்க வேண்டுமானால் கொண்டுவந்து தருகிறேன்."

மூன்றாவது, நான்காவது வரிகள் ஒப்புதல். அவற்றைச் சேர்ப்பதா, எந்தச் சொற்களில் சேர்ப்பதா என்பதை உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒரு தடவை பார்க்கட்டும். ஒன்றை மட்டும் எழுதவே எழுதாதீர்கள், 'இதுவே முதல் முறை' என்று. மாலை நேர ரிப்பீட்டர் பேச்சுகள் இருக்கின்றன. நோட்டீஸில் அதைக் கேட்கவில்லை, ஆகவே நீங்களாக இழுத்துவிட வேண்டியதில்லை. கேட்டால் மறைக்கவும் கூடாது. 'முதல் முறை' என்ற இரண்டு சொல் உங்களை அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிவிடும். கிளப்புக்கு இதனால் ஆபத்தா என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அமெரிக்க விதிப்படி, ரிப்பீட்டர் தன்னையறியாமல் மறுபரப்பியதற்கு அதன் இயக்குநர் பொறுப்பாக மாட்டார். உங்கள் ஊர் விதியைக் கிளப்பே பார்த்துக்கொள்ளட்டும். தெரிந்த பிறகும் விட்டுவைத்தால் அந்தச் சலுகையை நம்ப முடியாது, ஆகவே பொறுப்பாளரிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

பையனின் பெயரைச் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பதிலில் 'குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்' போதும். யார் என்று எழுத்தில் கேட்டால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் அவன் அப்பா அம்மாவுக்குத் தெரிய வேண்டும். கடிதம் முழுக்கத் தேடினேன், உங்கள் தம்பிக்கு இது தெரியும் என்று ஒரு வரிகூட இல்லை. அவன் வயது வராதவன், அவனுடைய லைசென்ஸ் விண்ணப்பம் வேறு அதே அலுவலகத்தில் நிலுவையில் இருக்கிறது. இந்த இடத்தில் அத்தையின் நலனும் மருமகனின் நலனும் ஒன்றில்லை. அவன் கையால் ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கி உங்கள் பதிலோடு இணைத்து அனுப்ப நினைத்திருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வேண்டாம். அவனுக்கு வேறொரு வழக்கறிஞர் சொல்லாமல் அவன் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

என்ன ஆகும் என்று கேட்டால், எச்சரிக்கை, அபராதம், சில மாதம் லைசென்ஸ் நிறுத்தம், ரத்து, கருவி பறிமுதல் என்று எதுவும் சாத்தியம். தொடர்ந்து இடைஞ்சல் செய்பவர்களையும், பணம் பண்ணியவர்களையும், பொய் சொல்பவர்களையும்தான் கடுமையாக நடத்துவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கோப்பில் ஆறு வருடம் ஒரு புகாரும் இல்லை. இருந்தாலும் உறுதி கொடுக்க என்னால் முடியாது. முடிவு வரும்வரை எச்.எஃப். செட்டில் பேசலாமா என்றால், நோட்டீஸில் நிறுத்தச் சொல்லாதவரை லைசென்ஸ் செல்லும். நீங்களே பேசுங்கள், லாக் எழுதுங்கள்.

பக்கத்து வீட்டு ஸ்பீக்கர்

இதை அந்தப் பதிலில் கலக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு விஷயம். ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். அவர் பொறுமை இழந்து புகார் எழுதினால் அது போய்ச் சேரும் மேசை ஒன்றுதான்.

பெரும்பாலான சமயம் ஸ்பீக்கர் கரகரப்பதற்கு அந்த ஸ்பீக்கரின் நீள ஒயரே காரணம். ஒயர் ஆன்டெனா போல உங்கள் சிக்னலைப் பிடித்து உள்ளே விடுகிறது. உங்கள் செட் சுத்தமாக இருந்தும் இப்படி ஆகலாம். அதை நீங்கள் காட்ட முடிய வேண்டும். ஒரு மாலை அவர் வீட்டில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, ஆன்டெனாவைக் கழற்றி 50 ஓம் டம்மி லோடை (சிக்னலைக் காற்றில் விடாமல் வெப்பமாக மாற்றும் கருவி) மாட்டி டிரான்ஸ்மிட் செய்யுங்கள். அப்போதும் கரகரத்தால் செட்டிலிருந்தோ மின் இணைப்பு வழியாகவோ கசிகிறது, சரி செய்வது உங்கள் வேலை. நின்றுவிட்டால் ஆன்டெனாவிலிருந்து போகும் சிக்னல்தான். அப்புறம் எந்த பேண்டில், எவ்வளவு சக்தியில் கேட்கிறது என்று இருவரும் சேர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் ஒயரை ஒரு ஃபெரைட் வளையத்தில் (ஒயரில் ஏறும் ரேடியோ சிக்னலைத் தடுக்கும் காந்தப் பொருள்) ஏழெட்டுச் சுற்று சுற்றினாலே பல வீடுகளில் அடங்கிவிடும். வளையத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள். சட்டப்படி உங்கள் கடமை இல்லாமல் இருக்கலாம், அந்தப் புகார் எழுதப்படாமல் போவதற்கு அது மலிவான விலை.

நோட்டீஸ் கைக்கு வந்து ஆறு நாள் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் எனக்கு வந்துசேர மூன்று நாள் ஆகியிருக்கிறது. மீதி ஆறு நாள்தான். வழக்கறிஞர் கிடைக்கத் தாமதமாகும் என்றால், கெடு முடிவதற்குள் 'நோட்டீஸ் கிடைத்தது, பதிலளிக்க இரண்டு வாரம் கூடுதல் அவகாசம் வேண்டும்' என்று ஒரு வரி அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், இன்று இரவே தம்பியைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.